மூன்றா, நான்கா, ஐந்தா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் நட்சத்திரச் சண்டைக்குப் புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

டெக்சாஸுக்கு வேலைக்கு வந்த முதல் டிசம்பரில், அலுவலகக் காபி இயந்திரத்தின் அருகே இரண்டு பேர் கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளி இறுதியாண்டு படிக்கும் ஒரு பையனுக்கு ஒரு தரவரிசை நிறுவனம் நான்கு நட்சத்திரத்தை மூன்றாகக் குறைத்துவிட்டதாம். முந்தைய வாரம்தான் அந்தப் பையன் ஒரு பெரிய கல்லூரியை விட்டுவிட்டுச் சின்னக் கல்லூரிக்குப் போவதாக அறிவித்திருந்தான். "எங்களை விட்டுப் போனதும் குறைத்துவிட்டார்கள், பார்த்தாயா?" என்றார் ஒருவர். "முதலில் இருந்த நான்குதான் உங்களுக்காகப் போட்ட பொய்" என்றார் மற்றவர். இருவருக்கும் பேரன் பேத்தி உண்டு. அந்தப் பையனை இருவருமே நேரில் பார்த்ததில்லை.

அன்று எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. டல்லாஸ், ஹூஸ்டன், அட்லாண்டா என்று குடியேறும் நம்மவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் வரும். சிலருக்குச் சொந்தப் பிள்ளையே பள்ளி அணியில் சேர்ந்துவிட்டு வந்து நிற்பான். அவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து; காலைவிடக் கைக்குத்தான் அதில் வேலை அதிகம். கல்லூரி அணிகள் பள்ளிப் பையன்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்கின்றன; ஒரு பையன் எவ்வளவு தேறுவான் என்பதற்குப் போடும் மதிப்பீடுதான் நட்சத்திரம், உச்சம் ஐந்து.

1. முதலில், நட்சத்திரத்தைக் கொடுப்பவர் யார் என்று பாருங்கள்

பள்ளியோ அரசோ கல்லூரிச் சங்கமோ நட்சத்திரம் கொடுப்பதில்லை. தனியார் ஊடக நிறுவனங்கள் கொடுக்கின்றன. இணையம் வருவதற்கு முன், எழுபதுகளின் இறுதியிலிருந்து டாம் லெம்மிங் போன்ற சிலர் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பையன்களைப் பார்த்து, பட்டியல் அச்சிட்டு, சந்தாதாரர்களுக்கு விற்றார்கள். அதுவே இன்று பெரும் வணிகமாகிவிட்டது. ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ், இஎஸ்பிஎன், ஆன்3 ஆகிய நான்கு பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஷானன் டெர்ரி என்ற ஒரே மனிதர் ரைவல்ஸை நடத்தினார், 2010இல் 247ஸ்போர்ட்ஸைத் தொடங்கினார், 2021இல் ஆன்3யைத் தொடங்கினார்; 2025இல் ஆன்3 நிறுவனம் ரைவல்ஸையே யாஹூவிடமிருந்து வாங்கிவிட்டது. நான்கு பெயர்கள் இருந்தாலும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதை வாதத்துக்கு உட்காரும் முன் தெரிந்துகொள்ளுங்கள். "மூன்று நிறுவனங்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன" என்று யாராவது சொன்னால், அந்தத் 'தனித்தனியாக'வில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கிறது.

இவற்றின் வருமானத்தில் பெரும்பகுதி சந்தாவிலிருந்து வருகிறது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிப் பக்கம், தனி நிருபர், தனி ரசிகர் கூட்டம். அலபாமா, ஓஹாயோ ஸ்டேட், டெக்சாஸ், நோட்ர டேம் ரசிகர்கள் எண்ணிக்கையில் அதிகம். எனவே சந்தாவும் அதிகம். ரசிகர்களின் சந்தேகங்களில் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

2. நட்சத்திரத்தை விடுங்கள், அதன் கீழே இருக்கும் எண்ணைப் படியுங்கள்

நட்சத்திரம் ஒரு கொத்து; எண்தான் விவரம். 247ஸ்போர்ட்ஸில் 98 முதல் ஐந்து நட்சத்திரம், 90 முதல் 97 வரை நான்கு, 80 முதல் 89 வரை மூன்று. இஎஸ்பிஎன்னில் 90 முதலே ஐந்து, 80 முதல் 89 வரை நான்கு, 70 முதல் 79 வரை மூன்று. ஆகவே 88 என்ற எண் ஓரிடத்தில் மூன்று நட்சத்திரம், இன்னோரிடத்தில் நான்கு. பழைய ரைவல்ஸ் அளவுகோல் இன்னும் விசித்திரம்: 6.1 ஐந்து நட்சத்திரம், 5.8 நான்கின் தொடக்கம், 5.7 மூன்றின் உச்சி. பழைய ரசிகர் ஒருவர் "அவன் ஒரு 5.7" என்று முகம் சுளித்தால் அதன் பொருள் இதுதான்.

89க்கும் 90க்கும் இடையே இருப்பது ஒரே ஒரு புள்ளி. 90க்கும் 97க்கும் இடையே ஏழு. ஆனால் ரசிகர் கண்ணுக்கு 89 ஒரு சாதி, 90 இன்னொரு சாதி. பத்தாம் வகுப்பில் 34 மதிப்பெண்ணுக்கும் 35க்கும் இடையே எவ்வளவு அழுகை இருக்குமோ அவ்வளவு அழுகை இங்கேயும் உண்டு.

அடுத்தது கூட்டு மதிப்பெண். 247ஸ்போர்ட்ஸ் மற்ற நிறுவனங்களின் தரவரிசையையும் சேர்த்து நான்கு தசம இடங்களுக்கு ஓர் எண் தருகிறது, உச்சம் 1.0000. 2002இல் ஹூஸ்டனிலிருந்து வந்த வின்ஸ் யங்குக்கும் 2021இல் குவின் யூவர்ஸுக்கும் அந்த முழு எண் கிடைத்தது. யங் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு 2005 பருவத்தின் தேசியப் பட்டத்தை வாங்கித் தந்தார். யூவர்ஸ் கல்லூரியில் நன்றாகத்தான் ஆடினார். ஆனால் 2025இல் தொழில்முறை அணிகள் ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது ஏழாவது, அதாவது கடைசிச் சுற்றில், 231ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். ஒரே முழு மதிப்பெண், இரண்டு கதைகள்.

விவாதம் தொடங்கும்போதே "கூட்டு மதிப்பெண்ணா, ஒரு நிறுவனத்தின் மதிப்பெண்ணா?" என்று கேளுங்கள். பாதிச் சண்டை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இருவரும் வேறு வேறு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

3. ஐந்து நட்சத்திரம் எதைக் கணிக்கிறது?

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. 247ஸ்போர்ட்ஸ் ஆண்டுதோறும் சுமார் 32 பேருக்கு ஐந்து நட்சத்திரம் தருகிறது. ஏன் 32? தொழில்முறை லீகான என்எப்எல் தேர்வின் முதல் சுற்றில் 32 இடங்கள். அதாவது, 'இந்தப் பையன் மூன்று நான்கு ஆண்டுகளில் முதல் சுற்றில் எடுக்கப்படக்கூடியவன்' என்ற கணிப்பே ஐந்து நட்சத்திரம். 'இன்று பள்ளியில் மிகச் சிறப்பாக ஆடுகிறான்' என்பதற்கான பரிசு அல்ல.

இதைப் புரிந்துகொண்டால் பல குமுறல்கள் தாமாக அடங்கும். பள்ளி மாநிலப் பட்டம் வென்று, சாதனைகளையெல்லாம் முறியடித்த ஐந்தடி ஒன்பது அங்குலக் குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) இரண்டு நட்சத்திரம். பாதி ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறடி ஏழு அங்குலப் பையனுக்கு நான்கு. அநியாயம் போலத் தோன்றும். ஆனால் கேள்வி 'யார் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்?' என்பது அல்ல. 'இருபத்திரண்டு வயதில் யார்?' என்பது. பள்ளிச் சாதனைப் பட்டியலை ஏந்திக்கொண்டு வாதாட வருபவரிடம் இந்த வேறுபாட்டை மெல்லச் சொல்லுங்கள். மெல்ல என்பது முக்கியம். பெரும்பாலும் அவர் அந்தப் பையனின் மாமாவாக இருப்பார்.

பந்தை உதைப்பவர்களுக்கு இந்த நிறுவனங்கள் கஞ்சத்தனமாகத்தான் நட்சத்திரம் தரும். உதைப்பயிற்சி முகாம்கள் தாங்களே தரும் 'ஐந்து நட்சத்திரம்' தனி உலகம். அதை இதோடு கலக்காதீர்கள்.

4. மதிப்பீட்டாளர் பார்ப்பதை நீங்களும் பாருங்கள்

முதலில் காணொளி. ஹட்ல் என்ற சேவையில் ஏறக்குறைய எல்லாப் பள்ளி ஆட்டக்காரர்களின் தொகுப்பும் கிடைக்கும். தொகுப்பு என்பது கல்யாண ஆல்பம் போன்றது. அழுத முகம் ஒன்றுகூட இருக்காது. கிடைத்தால் ஒரு முழு ஆட்டத்தைப் பாருங்கள். பந்து தன் பக்கம் வராதபோது பையன் என்ன செய்கிறான் என்பது தொகுப்பில் தெரியாது.

அடுத்தது அளவுகள். பள்ளி வெளியிடும் உயரத்திலிருந்து ஓர் அங்குலம் கழித்துக்கொள்வது என் வழக்கம். சில பள்ளிகளுக்கு இரண்டு. முகாம்களில் அளந்த உயரம், எடை, கை விரிப்பின் நீளம் ஆகியவற்றையே நம்புங்கள். 40 கெஜ ஓட்ட நேரத்தில் கையால் நிறுத்தும் கடிகாரம் லேசர் கடிகாரத்தைவிட ஒன்று அல்லது இரண்டு பத்திலொரு பங்கு வினாடி குறைத்துக் காட்டும். அதனால் ஓட்டப்பந்தயம் ஓடும் பையன் என்றால் 100 மீட்டர் நேரத்தைத் தேடுங்கள். அங்கே பொய் சொல்வது கடினம்.

பிறகு முகாம்கள். குவார்ட்டர்பேக்குகளுக்கான எலீட் 11, நாட்டின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்களைச் சேர்த்து நடத்தும் நட்சத்திர ஆட்டங்களுக்கு முந்தைய பயிற்சி வாரங்கள், ஏழுக்கு ஏழு போட்டிகள். ஏழுக்கு ஏழில் இடித்துத் தள்ளும் வேலை இல்லை. பந்தை எறிபவரும் பிடிப்பவரும் அழகாகத் தெரிவார்கள், முன்வரிசைத் தடியர்களுக்கு அங்கே இடமே கிடையாது. ஆகவே அங்கே பளிச்சிட்டதால் உயர்ந்த மதிப்பீட்டை அப்படியே விழுங்கிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்றும் எண்ணவேண்டாம். 2021 ஆகஸ்டில் ஓஹாயோவின் கேன்டன் நகரில் பிஷப் சைகமோர் என்ற 'பள்ளி', புளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமியோடு மோதியது. இஎஸ்பிஎன் அதை நேரடியாக ஒளிபரப்பியது. உயர்நிலைக் கல்லூரிகள் விரும்பும் ஆட்டக்காரர்கள் தங்களிடம் நிறைய இருப்பதாக அந்த அணி சொல்லியிருந்தது. அப்படி யாரையும் வர்ணனையாளர்களால் உறுதிசெய்ய முடியவில்லை. 58–0 என்று தோற்றார்கள். பிறகு விசாரித்தால், பள்ளி என்று சொல்லத்தக்க ஒன்றே அங்கே இல்லை. பெயர்ப் பட்டியலை யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிபார்த்திருந்தால் போதும்.

5. 'அலபாமா ஏற்றம்': சண்டையின் மையம்

இனி காபி இயந்திரச் சண்டைக்கு வருவோம். ரசிகர்களின் முதல் குற்றச்சாட்டு இதுதான்: மூன்று நட்சத்திரப் பையன் ஒருவனை அலபாமாவோ ஜார்ஜியாவோ அழைத்ததும், அடுத்த திருத்தத்தில் அவன் நான்காகிவிடுகிறான். அவனே சின்னக் கல்லூரிக்கு மாறினால் கீழே இறங்குகிறான். பையன் மாறவில்லை, சட்டை நிறம்தான் மாறியது. எனவே தரவரிசை பெரிய கல்லூரிகளின் சந்தாதாரர்களுக்குப் போடும் தாளம் என்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் பதிலும் லேசானதல்ல. நம் ஊர் மாட்டுச் சந்தையை நினைத்துப் பாருங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தொகை தெரியாது. ஆனால் துண்டுக்குள் யார் கை இருக்கிறது என்பது தெரியும். முப்பது ஆண்டாக மாடு பிடித்தே பிழைக்கும் தரகர் ஒரு கன்றை விட்டு நகரவில்லை என்றால், அந்தக் கன்றைப் பற்றி நீங்கள் அறியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரியும். நிக் சேபன் அலபாமாவின் பயிற்சியாளராக இருந்து ஆறு தேசியப் பட்டங்கள் வென்றவர். அவருடைய ஆட்கள் ஒரு பையனை நேரில் பயிற்சி செய்யவைத்துப் பார்த்து, ஆசிரியரிடம் விசாரித்து, உடற்காயக் கணக்கையும் கேட்டுவிட்டு அழைத்தார்கள். நாடெங்கும் ஆயிரக்கணக்கான பையன்களைப் பார்க்கவேண்டிய நிருபர் அந்தத் தகவலைப் பயன்படுத்தாமல் இருந்தால்தான் தவறு.

என் கருத்து: இரண்டு தரப்பும் சரி, ஆனால் சம அளவில் அல்ல. பெரிய கல்லூரியின் ஆர்வம் உண்மையான தகவல். அது ஏற்கெனவே மதிப்பெண்ணில் கலந்துவிட்டதென்றால், 'நட்சத்திரமும் அதிகம், பெரிய கல்லூரியும் அழைத்திருக்கிறது' என்று இரண்டையும் இரண்டு சான்றுகளாக எண்ணக்கூடாது. ஒரே சான்று இருமுறை கணக்கில் ஏறுகிறது. நட்சத்திரக் கணிப்பு பலிக்கிறது என்று காட்டும்போதும் இதே சிக்கல்தான்: கணிப்பின் ஒரு பகுதியை எழுதியவரே அந்தப் பெரிய கல்லூரிப் பயிற்சியாளர்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று. ஏற்றம் வந்த தேதியையும் அழைப்பு வந்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் புதிய காணொளி, முகாம், ஓட்ட நேரம் ஏதாவது வந்ததா? வந்திருந்தால் சந்தேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். எதுவும் வராமல் எண் மட்டும் ஏறியிருந்தால், அது துண்டைப் பார்த்துப் போட்ட விலை.

இன்னொன்று: சமூக வலைதளத்தில் பையன்கள் பெருமையோடு அறிவிக்கும் 'ஆஃபர்' எல்லாம் இன்றே ஒப்புக்கொள்ளத்தக்க இடம் அல்ல. ஒரு கல்லூரி ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான அழைப்புகளை அனுப்பும். சேர்ப்பதோ இருபது, இருபத்தைந்து பேரை. 'பதினேழு ஆஃபர்' என்ற எண்ணிக்கையைவிட, அந்தக் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர் நேரில் பையன் வீட்டுக்கு வந்தாரா என்பதே எடை உள்ள செய்தி.

6. 'ஜே.ஜே. வாட்டுக்கு இரண்டு நட்சத்திரம்தானே?' என்பவருக்குப் பதில்

எல்லா விவாதத்திலும் இந்த வாக்கியம் வந்தே தீரும். பட்டியல் நீளமானது, உண்மையானதும்கூட. ஜே.ஜே. வாட் விஸ்கான்சினைச் சேர்ந்த இரண்டு நட்சத்திர ஆட்டக்காரர். சென்ட்ரல் மிச்சிகனை விட்டு வந்து, பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்து, உதவித்தொகை இல்லாமல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பிறகு மூன்று முறை என்எப்எல்லின் சிறந்த தடுப்பு ஆட்டக்காரர் ஆனார். அதே விருதை மூன்று முறை வென்ற ஏரன் டொனால்டுக்கு மூன்று நட்சத்திரம். உயரம் போதாது என்றார்கள். பேட்ரிக் மஹோம்ஸுக்கும் மூன்றுதான். கலீல் மேக் இரண்டு நட்சத்திரத்தோடு பஃபலோ பல்கலைக்கழகம் போனார். கணினி விளையாட்டு ஒன்று தனக்கு 46 மதிப்பெண் போட்டதைப் பார்த்து, கல்லூரிச் சட்டையில் அதே எண்ணை அணிந்துகொண்டார். இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கலிபோர்னியாவின் ஃபயர்பா என்ற விவசாய ஊர்க்காரர் ஜோஷ் ஆலனுக்கு நட்சத்திரமே கிடையாது. 2025 தேர்வின் முதல் ஆளான கேம் வார்டும் அப்படியே. அவருடைய பள்ளி பந்தை எறிவதைவிட ஓடுவதையே நம்பிய அணி, எறியும் திறமையைக் காட்ட வாய்ப்பே குறைவு.

இவர்களைக் காட்டி 'நட்சத்திரம் வீண்' என்று சொல்லலாமா? கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு ஐந்து நட்சத்திரக்காரர்கள் முப்பது சொச்சம். நான்கு, முன்னூறு நானூறு. மூன்று, ஆயிரத்துக்கும் வெகுவாக மேலே. தோராயமாக, ஐந்து நட்சத்திரக்காரர்களில் பாதிப் பேர் என்எப்எல் தேர்வில் எடுக்கப்படுகிறார்கள். நான்கில் ஐந்தில் ஒருவர். மூன்றில் நூற்றுக்கு ஐந்தாறு பேர். 32 பேரில் பாதி 16. ஆயிரத்து ஐந்நூறு பேரில் நூற்றுக்கு ஐந்து என்றால் 75. ஆகவே தொழில்முறை அணிகளில் மூன்று நட்சத்திரக்காரர்களே அதிகம் தென்படுவார்கள். தொலைக்காட்சியில் அவர்களைப் பார்த்துவிட்டு 'எல்லாரும் மூன்றுதான்' என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரு தனிப் பையனுக்குள்ள வாய்ப்பை எடுத்தால், ஐந்து நட்சத்திரக்காரனுக்கு ஏறக்குறைய பத்து மடங்கு.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஐந்து நட்சத்திரக்காரர்களில் மற்றப் பாதி எடுக்கப்படவே இல்லை. 'ஐந்து நட்சத்திரம், உறுதி' என்று மார்தட்டுபவரும் கணக்கில் தோற்றவரே. பூவா தலையா போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அந்த உறுதிதான்.

ஆகவே யாராவது ஒரு பெயரை வீசினால், பதிலுக்கு நீங்கள் ஒரு பெயரை வீசாதீர்கள். டிரெவர் லாரன்ஸ், ஜடேவியன் கிளவுனி, 2022 தரவரிசையின் முதலிடக்காரரும், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 2024இல் வென்றவருமான டிராவிஸ் ஹன்டர் என்று எதிர்ப்பட்டியலும் நீளும். விடிய விடியப் பேசலாம். "நூறு பேரை எடுத்துக்கொண்டால் எத்தனை பேர்?" என்று கேளுங்கள்.

7. அணித் தரவரிசையைப் படிக்கும் முறை

தனிப் பையன் சண்டை ஓய்ந்தால், எந்தக் கல்லூரியின் 'வகுப்பு' சிறந்தது என்ற சண்டை தொடங்கும். வகுப்பு என்றால் ஒரே ஆண்டில் சேரும் புதியவர்களின் கூட்டம். ஜூலை மாதத்தில் திடீரென்று ஒரு சிறிய கல்லூரி முதல் பத்தில் நிற்கும். அதன் ரசிகர்கள் பட்டாசு வெடிப்பார்கள். பெரும்பாலும் காரணம் எளிது: அவர்கள் அதற்குள் இருபத்திரண்டு பேரைச் சேர்த்திருப்பார்கள், மற்றவர்கள் எட்டுப் பேர்தான். மொத்தப் புள்ளிப் பட்டியலை விட்டுவிட்டு, ஆளுக்குச் சராசரி என்ற பத்தியை அழுத்தி மறுபடி வரிசைப்படுத்துங்கள். 247ஸ்போர்ட்ஸ் சூத்திரம் சிறந்தவர்களுக்கு முழு எடையும், அடுத்தடுத்தவர்களுக்குக் குறைந்த எடையும் தருகிறது. ஆனாலும் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் ஆதாயம் உண்டு.

நீலச்சில்லு விகிதம் என்று ஒன்று அடிக்கடி காதில் விழும். பட் எலியட் என்ற எழுத்தாளர் பரப்பியது. கடைசி நான்கு வகுப்புகளில் சேர்ந்தவர்களில் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் பாதிக்கு மேல் இல்லாத அணி தேசியப் பட்டம் வெல்லாது என்பது அதன் சாரம். நீண்ட காலம் அது பிசகவே இல்லை. 2022 பருவத்தில் டிசியு என்ற டெக்சாஸ் அணி பாதிக்குக் கீழே இருந்தும் இறுதி ஆட்டம் வரை வந்தது. அங்கே ஜார்ஜியா 65–7 என்று அடித்து நொறுக்கியது. நட்சத்திரத்தை நம்புபவர்கள் அந்த ஆட்டத்தை இன்றும் உச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பிறகு இந்தியானா வந்தது. கர்ட் சிக்னெட்டி பயிற்சியில், வேறு கல்லூரிகளிலிருந்து மாறிவந்த அனுபவசாலிகளை வைத்துக்கொண்டு, பாதிக்கு வெகு தொலைவு கீழே இருந்த அணி 2025 பருவத்தில் ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம் வென்றது. அதன் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசா, ஒரு காலத்தில் யேல் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தவர். அவருக்கு ஹைஸ்மன் கோப்பையும் கிடைத்தது. விகிதம் செத்துவிட்டது என்று ஒரு கூட்டம் கொண்டாடுகிறது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பதினேழு வயதில் போட்ட மதிப்பெண்ணைவிட இருபத்திரண்டு வயதில் பார்த்த ஆட்டம் நம்பகமானது என்பதைத்தான் இந்தியானா காட்டியது; அதை நட்சத்திரத்தை நம்புபவர்களும் மறுப்பதில்லை.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு பாடம் இருக்கிறது. 2022இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் சேர்த்த வகுப்பு, கூட்டு மதிப்பெண்ணில் அதுவரை யாரும் காணாத உச்சம். அதே பருவத்தில் அணி 5 வெற்றி, 7 தோல்வி. ஓராண்டு கழிந்ததும் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்; ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்கவேண்டிய தொகை ஏழு கோடி டாலருக்கும் மேல். அந்த வகுப்பில் பலர் வேறு கல்லூரிகளுக்கு மாறிப்போனார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கல்லூரியில் படித்தவர் நான்கு பேர். இதைப் பற்றி அவர்களிடம் கேட்காதீர்கள்.

8. நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

பத்தாம் வகுப்புப் பையனின் நட்சத்திரத்துக்காகச் சண்டை போடுவது, நாற்று நடும் முன்பே நெல் மூட்டைக்குப் பேரம் பேசுவது. பதினைந்தில் ஆறடி இருப்பவன் அதோடு நின்றுவிடலாம். முன்வரிசைத் தடுப்பாளர்கள் இருபது வயதுக்குப் பிறகுகூட எடை கூடி ஆள் மாறுவார்கள். அதனால்தான் அந்த இடத்துக்கான மதிப்பீடுகளில் வழுக்கல் அதிகம்.

கல்லூரியில் சேர ஒப்புக்கொண்டு பையன்கள் கையெழுத்துப் போடும் முதல் காலம் 2017இலிருந்து டிசம்பரில் வருகிறது. இப்போது அந்த மாதத்தின் முதல் வாரத்திலேயே. பழைய கையெழுத்து நாள் பிப்ரவரியின் முதல் புதன். ஆனால் இறுதித் தரவரிசை, சான் அன்டோனியோ போன்ற இடங்களில் நடக்கும் நட்சத்திர ஆட்டங்களையும் பார்த்துவிட்டு ஜனவரிக்குப் பிறகுதான் வரும். ஆக, பையன் கையெழுத்துப் போட்டபோது ஒரு எண், இறுதியில் இன்னொரு எண். எதைச் சொல்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

2018இல் வந்த இடமாற்றப் பதிவேடு இன்னொரு குழப்பத்தைச் சேர்த்தது. கல்லூரி மாறுபவர்களுக்குத் தனியாக மறுமதிப்பீடு உண்டு. 'ஐந்து நட்சத்திரம்' என்று ஒருவர் சொன்னால், பள்ளியில் பெற்றதா, மாறும்போது பெற்றதா என்று கேட்பது விதண்டாவாதம் அல்ல.

பணமும் நுழைந்துவிட்டது. 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வருவாயில் பங்கு தரலாம், முதலாண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் இரண்டு கோடி டாலர். நட்சத்திரம் இப்போது பேரத்தின் தொடக்க விலையும்கூட. ஒரு புள்ளி குறைந்ததற்குக் குடும்பத்தினர் கோபப்படுவதை இனி வெறும் வீம்பு என்று சொல்ல முடியாது.

9. பையன்களிடம் போகாதீர்கள்

எவ்வளவு கோபமாக இருந்தாலும் அந்தப் பதினேழு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் போய் எழுதாதீர்கள். வாழ்த்துகூட வேண்டாம். கல்லூரியின் பழைய மாணவரோ புரவலரோ நீங்கள் என்றால் அது விதி மீறலாகவும் முடியலாம். சண்டையைக் காபி இயந்திரத்தின் அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

10. ஒரு நோட்டுப் போடுங்கள்

இவ்வளவு படித்தும் கைவராதது ஒரு நோட்டில் வரும். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஆட்டங்களுக்கு வெள்ளிக்கிழமை இரவு போங்கள். டிக்கெட் விலை சினிமாவைவிடக் குறைவு. உங்கள் கண்ணில் பட்ட பத்துப் பேரை எழுதுங்கள்: தேதி, அளந்த உயரம் கிடைத்தால் அது, எண், அழைத்த கல்லூரிகள், உங்கள் சொந்தக் கணிப்பு ஒரே ஒரு வரி. அடித்தல் திருத்தல் கூடாது. நான்கு ஆண்டு கழித்துத் திறந்து பாருங்கள்.

என் முதல் நோட்டில் பத்துப் பேர். நான் தங்கம் என்று எழுதிய ஐந்து நட்சத்திரப் பையன் இரண்டாவது முழங்கால் அறுவைக்குப் பிறகு விலகி, இப்போது பள்ளியொன்றில் பயிற்சியாளராக இருக்கிறான். நிறுவனங்கள் நான்கு கொடுத்த இருவர் கல்லூரியில் நன்றாக ஆடி, பட்டம் வாங்கி, வேலைக்குப் போய்விட்டார்கள். ஐந்து பேர் என்ன ஆனார்கள் என்றே நான் தொடரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் வருபவர்கள் இருவர். ஒருவன் எல்லாருக்கும் தெரிந்த ஐந்து நட்சத்திரம். மற்றவனுக்கு இரண்டு நட்சத்திரம். அவன் பெயருக்கு எதிரே என் கையெழுத்தில் இருப்பது: 'நல்ல பையன். உயரம் போதாது.'